யோவான், ஜான், யஹ்யா, இவான், அருளப்பன்: ஒரே பெயரின் பல வடிவங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜான் என்ற பெயருக்கு என்ன பொருள்?

"ஆண்டவர் அருள் புரிந்தார்" என்பதே நேரான பொருள். பெயரின் மூலம் எபிரேய மொழி. அங்கே முழு வடிவம் யெஹோஹனான். பேச்சில் அது யோஹனான் என்று சுருங்கியது. பெயரில் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. 'யெஹோ' அல்லது 'யோ' என்ற முன்துண்டு, இஸ்ரயேல் மக்கள் வணங்கிய யாவேயின் பெயர்ச் சுருக்கம். 'ஹனான்' என்ற பின்துண்டு ஒரு வினைமுற்று: அருளினார், மனமிரங்கினார், தயவு காட்டினார். எழுவாய் ஒன்று, பயனிலை ஒன்று. ஆக, இந்தப் பெயரே ஒரு முழு வாக்கியம். பழைய எபிரேயப் பெயர்கள் பலவும் இப்படி வாக்கியமாக அமைந்தவைதான்.

வினை இறந்தகாலத்தில் இருப்பதைக் கவனிக்க வேண்டும். "அருள்வாராக" என்ற வேண்டுதல் அன்று இது. கிடைத்துவிட்ட அருளைச் சொல்வது. நெடுநாள் பிள்ளையில்லாத வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தால் இந்தப் பெயர் ஏன் பொருந்தியது என்பது இதிலிருந்தே விளங்கும்.

பெயர்ப் பட்டியல்களில் "கடவுளின் கொடை" என்று போட்டிருக்கிறார்களே?

அது யோனத்தான் என்ற வேறொரு பெயரின் பொருள். எபிரேயத்தில் 'நாத்தான்' என்றால் கொடுத்தார். யோனத்தான், நத்தானியேல், மத்தேயு மூன்றும் கொடுத்தல் என்ற வேரிலிருந்து வந்தவை. யோவானுக்கு வேர் அருளுதல். இரண்டு பெயர்களுமே 'யோ' என்று தொடங்குவதால் பட்டியல் போடுகிறவர்கள் கலந்துவிடுகிறார்கள். பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள்.

ஆங்கில எழுத்தில் ஓரளவுக்கு அடையாளம் உண்டு. நடுவில் 'எச்' எழுத்தோடு வந்தால் அது யோவானின் வழி வந்த ஜான். 'எச்' இல்லாமல் வரும் ஜான், பலருக்கு ஜோனத்தனின் சுருக்கம். ஆனால் இதை விதியாகக் கொள்ள முடியாது. நார்வேயில் 'எச்' இல்லாமல் எழுதும் யோன், ஐஸ்லாந்தின் யோன், பாஸ்க் மக்களின் யோன் எல்லாம் யோவானேதான்.

இதே வேரிலிருந்து வேறு பெயர்கள் உண்டா?

உண்டு. சாமுவேலின் தாய் அன்னாள் பெயர் இதே 'அருள்' வேர். அதிலிருந்து வந்தவைதான் ஆன், அன்னா, அன்னம்மாள். அனனியா என்ற பெயரில் யோவானின் அதே இரண்டு துண்டுகள் இடம் மாறி நிற்கின்றன: முதலில் அருளினார், பிறகு யாவே. ரோமாபுரியை நடுங்கவைத்த கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலின் பெயரும் உறவுதான். பினிசிய மொழி எபிரேயத்தின் உடன்பிறப்பு. அங்கே ஹன்னிபால் என்றால் பாகால் தெய்வத்தின் அருள். வேர் ஒன்று, தெய்வம் வேறு.

திருமுழுக்கு யோவானுக்கு முன்பே இந்தப் பெயர் புழக்கத்தில் இருந்ததா?

இயேசுவுக்குத் திருமுழுக்குக் கொடுத்த அந்த யோவானுக்கு முன்பே நன்றாகவே இருந்தது. எரேமியா நூலில் கரேயாவின் மகன் யோகனான் வருகிறார். யூதேயாவை கி.மு. 134 முதல் 104 வரை ஆண்ட அஸ்மோனியர் குலத் தலைவர் யோவான் ஹிர்கான். கி.பி. 70-இல் எருசலேம் கோயில் அழிந்தபின் யவ்னேயில் யூதக் கல்வியை மீண்டும் நிலைநிறுத்தியவர் யோஹனான் பென் சக்காய்.

சாதாரண மனிதர்களுக்கும் இந்தப் பெயர் இருந்தது. எருசலேமின் வடபகுதியில் 1968-இல் ஒரு கல்லறைக் குகையைத் தோண்டியபோது, முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கல்பெட்டி ஒன்று கிடைத்தது. பெட்டியின் பக்கத்தில் யெஹோஹனான் என்று கீறியிருந்தது. உள்ளே இருந்த குதிகால் எலும்பில் ஓர் இரும்பு ஆணி அப்படியே பாய்ந்து நின்றது. அதன் முனை வளைந்திருந்தது. சிலுவையில் அறையப்பட்ட ஒருவரின் எலும்பு என்று உறுதியாகச் சொல்லக்கூடிய மிக அரிய சான்று அது. அவர் பெயரும் இதே பெயர்.

இன்னொன்று. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் பழைய ஏற்பாட்டில் யோகனான் என்றும் புதிய ஏற்பாட்டில் யோவான் என்றும் வருவதால், இரண்டும் வெவ்வேறு பெயர்கள் என்று வாசிப்பவர்கள் நினைக்கிறார்கள். பழைய ஏற்பாடு எபிரேயத்தில் எழுதப்பட்டது. புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. வந்த வழிதான் வேறு.

அப்படியென்றால் "உன் உறவில் இந்தப் பெயர் யாருக்கும் இல்லையே" என்று லூக்கா நற்செய்தியில் ஏன் வருகிறது?

அங்கே பேச்சு ஊரைப் பற்றியது அன்று, குடும்பத்தைப் பற்றியது. பிள்ளை பிறந்த எட்டாம் நாள் உறவினர் கூடி, தகப்பன் பெயரான செக்கரியா என்பதையே வைக்கப் பார்க்கிறார்கள். தாய் எலிசபெத்து "யோவான்" என்கிறார். உறவினருக்கு அது ஒப்பவில்லை. பேச்சிழந்திருந்த தகப்பனிடம் சைகையால் கேட்கிறார்கள். அவர் எழுதுபலகை வாங்கி, "இவன் பெயர் யோவான்" என்று எழுதுகிறார். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமுள்ள நம் வீடுகளில் இந்தக் காட்சிக்கு விளக்கம் தேவைப்படாது.

யோஹனான் எப்படி ஜான் ஆனது?

படிப்படியாக. எபிரேயத்தின் 'ஹ' தொண்டையின் அடியிலிருந்து வரும் ஒலி. அதற்குக் கிரேக்கத்தில் எழுத்து இல்லை. எனவே நடுவிலிருந்த அந்த ஒலி விழுந்தது. கிரேக்க ஆண்பெயர் விகுதி கடைசியில் சேர்ந்தது. கிடைத்தது யோவான்னேஸ். லத்தீன் அதை வாங்கி, நடுவில் 'எச்' எழுத்தைச் சேர்த்து எழுதியது. பழைய பிரெஞ்சில் முதல் ஒலி 'ய' என்பதிலிருந்து 'ஜ' என்று மாறி ஜெஹான் ஆயிற்று. 1066-இல் நார்மன் பிரெஞ்சுக்காரர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் அந்த ஒலியும் பெயரும் ஆங்கிலத்தில் வேரூன்றின. இன்று ஆங்கிலத்தில் உச்சரிக்கப்படாமல் நிற்கும் அந்த 'எச்', லத்தீன் எழுத்துமுறை விட்டுச்சென்றது.

பிரெஞ்சில் அதே 'ஜ' பின்னர் இன்னும் மென்மையாகி, தமிழில் நாம் 'ழான்' என்று எழுதும் ஒலியாயிற்று. ஸ்பானிய மொழியில் அதே எழுத்து தொண்டைக்குள் போய் 'ஹுவான்' ஆயிற்று. ஜெர்மானிய, ஸ்லாவிய மொழிகள் பலவும் பழைய 'ய' ஒலியை விடவில்லை: யோஹான், யான். நம் யோவானும் அப்படித்தான். 'ய' ஒலியில் தொடங்குவதால் ஜானைவிட யோவானே மூலத்துக்கு நெருக்கம். கிரேக்கத்தில் ஓகாரமும் ஆகாரமும் அடுத்தடுத்து வந்த இடத்தில் தமிழ் ஒரு வகர உடம்படுமெய்யைச் சேர்த்துக்கொண்டது.

அருளப்பர், கருணையன், அருளானந்தர்: இவர்களுக்கும் யோவானுக்கும் என்ன தொடர்பு?

இந்தப் பெயரின் உலக வரலாற்றில் தமிழுக்கு உள்ள தனிப் பங்கு இதுதான். பெரும்பாலான மொழிகள் யோவானின் ஒலியைத் தங்கள் நாவுக்கேற்ப வளைத்துக்கொண்டன. பொருளைப் பெயர்த்தவை குறைவு. தமிழ்க் கத்தோலிக்க மரபு பொருளைப் பெயர்த்தது.

அருள் என்பது அந்த எபிரேய வினையின் சரியான பெயர்ப்பு. அதோடு 'அப்பர்' என்ற மரியாதை விகுதியைச் சேர்த்து அருளப்பர் என்றார்கள். பேதுருவை இராயப்பர், பவுலைச் சின்னப்பர், யோசேப்பைச் சூசையப்பர், யாக்கோபை யாகப்பர் என்றது போல. பழைய கத்தோலிக்க விவிலியத்தில் நான்காம் நற்செய்தி "அருளப்பர் எழுதிய நற்செய்தி". திருமுழுக்குக் கொடுத்தவர் "ஸ்நாபக அருளப்பர்". 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் எல்லாச் சபைகளுக்கும் பொதுவாக யோவான் என்றே வைத்தார்கள். அன்றிலிருந்து அருளப்பர் வழிபாட்டு ஏடுகளிலிருந்து மெல்ல விலகி, ஊர்க் கோயில்களின் பெயரிலும் பெரியவர்களின் பெயரிலும் தங்கியிருக்கிறார். போப் இரண்டாம் ஜான் பாலை ஒரு தலைமுறை "இரண்டாம் அருள் சின்னப்பர்" என்று சொன்னது. அருள் என்பது ஜான், சின்னப்பர் என்பது பால்.

வீரமாமுனிவர் இன்னும் ஒரு படி மேலே போனார். தேம்பாவணியில் திருமுழுக்கு யோவானுக்கு அவர் இட்ட பெயர் கருணையன். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில், தாய் எலிசபெத்து இறந்தபோது கருணையன் புலம்பும் பகுதியைப் படித்தவர்கள் ஏராளம். அந்தக் கருணையன்தான் இந்த யோவான். அருள், கருணை என்ற இரண்டு சொற்களுமே மூல வேரின் பொருளைத் தாங்குகின்றன என்பதால், இது வெறும் அழகுக்காக வைத்த பெயர் அன்று. எபிரேயம் தெரிந்து, தமிழும் தெரிந்து செய்த வேலை.

மூன்றாமவர் லிஸ்பனில் 1647-இல் பிறந்த ஜான் டி பிரிட்டோ. போர்த்துகீசிய மொழியில் அவர் பெயரின் முற்பகுதி ஜுவாவ். யோவானின் போர்த்துகீசிய வடிவம். மறவர் நாட்டில் பணியாற்றிய அவர் தமிழில் அருளானந்தர் என்ற பெயரோடு வாழ்ந்தார். 1693 பிப்ரவரி 4-இல் இராமநாதபுரம் பகுதியிலுள்ள ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். 1947-இல் புனிதர் பட்டம் பெற்றார். ஓரியூரின் செம்மண்ணை இன்றும் பக்தர்கள் எடுத்துச் செல்கிறார்கள். அவருடைய தமிழ்ப் பெயரின் முதல் பாதியிலும் அதே அருள்.

எனவே அருளப்பன் என்று பெயருள்ளவர் "எனக்குத் தமிழ்ப் பெயர், விவிலியப் பெயர் இல்லை" என்று சொன்னால் அது பாதிதான் சரி. அது முழுத் தமிழ்ப் பெயர். முழு விவிலியப் பெயரும்கூட.

இலங்கையில் ஜோன் என்றும் பரியோவான் என்றும் எழுதுகிறார்களே?

ஆங்கில உயிரொலியை இலங்கைத் தமிழ் ஓகாரமாகவும் தமிழ்நாட்டுத் தமிழ் ஆகாரமாகவும் எடுத்துக்கொண்டன. 'ஓபிஸ்', 'ஆபீஸ்' போல. இரண்டுமே சரி. அந்த ஒலி ஓகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் இடையில் நிற்பது. தமிழில் அதற்குத் தனி எழுத்து இல்லை.

'பரி' என்பது பரிசுத்த என்பதன் சுருக்கம். 1823-இல் தொடங்கிய யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியின் பெயர் அப்படி வந்தது. அதே புனிதர் பெயரில் பாளையங்கோட்டையில் இருப்பது தூய யோவான் கல்லூரி. புனிதர், தூய, பரி, அர்ச். என்று அடைமொழி சபைக்குச் சபை மாறும்.

கேரளத்தில்?

அங்கே பெயர் சிரியாக் மொழி வழியாக முன்பே வந்துவிட்டது. யோஹன்னான் என்ற வடிவம் எபிரேய 'ஹ'வையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. உலஹன்னான், லோனப்பன், நைனான் ஆகியவையும் அதன் நாட்டு வடிவங்கள். ஜோண் பிற்பாடு ஆங்கிலத்தோடு வந்தது.

யஹ்யா என்பதும் யோவானும் ஒருவரா?

ஆள் ஒருவர்தான். ஜகரிய்யா நபியின் மகன் யஹ்யா நபி. குர்ஆனின் 19-வது அத்தியாயம் மர்யமில், 7-வது வசனம் இந்தப் பிள்ளையின் பெயரை முன்னறிவித்து, இதற்கு முன் இப்பெயர் எவருக்கும் இடப்படவில்லை என்கிறது.

பெயரின் வடிவம் வேறு. அரபியில் யஹ்யா என்று கேட்டதும் 'வாழ்தல்' என்ற வேர்தான் நினைவுக்கு வரும்: வாழ்கிறார், வாழ்வார். ஆனால் அதே அத்தியாயத்தின் 13-வது வசனத்தைப் பார்க்க வேண்டும். யஹ்யாவுக்கு இறைவன் தன்னிடமிருந்து கொடுத்ததாக அங்கே சொல்லப்படும் முதற்பண்பு 'ஹனான்', அதாவது கனிவு, இரக்கம். யோஹனான் என்ற எபிரேயப் பெயரின் பின்பாதி அதே வேர்தான். இந்தப் பொருத்தம் தெரிந்து அந்த வசனத்தை ஓதும்போது பெயர் இன்னும் ஆழமாகக் கேட்கும்.

அரபு பேசும் கிறிஸ்தவர்கள் யுஹன்னா என்றும், சுருக்கி ஹன்னா என்றும் சொல்வார்கள். ஈராக்கிலும் ஈரானிலும் வாழும் மந்தேயர்கள் என்ற சிறு சமயத்தார் இரண்டையும் சேர்த்து யஹ்யா யுஹானா என்பார்கள். டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலுக்குள் யஹ்யா நபியின் தலை அடக்கமான இடமாக மதிக்கப்படும் நினைவிடம் இருக்கிறது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அங்கே வருகிறார்கள்.

துருக்கி, மலேசியா, இந்தோனேசியாவிலும் யஹ்யா என்ற பெயர் உண்டு. இந்தோனேசியக் கிறிஸ்தவர்கள் யோஹானெஸ் என்பார்கள்.

இவான், ஹான்ஸ், ஷான், யானோஷ்: எல்லாமே ஜான்தானா?

ஆம். எந்த வழியாகப் போனது என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

கிரேக்கத்திலிருந்து நேராகக் கிழக்கே போனவை: ரஷ்யாவில் இவான், செர்பியாவில் யோவன், ருமேனியாவில் யோன், யோவான். கிரேக்கர்களே வீட்டில் யான்னிஸ் என்பார்கள். ஆர்மீனியாவில் ஹோவ்ஹான்னெஸ், ஜார்ஜியாவில் இவானே, எத்தியோப்பியாவில் யோஹன்னெஸ்.

லத்தீனிலிருந்து மேற்கே போனவை: இத்தாலியில் ஜொவான்னி, சுருக்கம் ஜான்னி. ஸ்பெயினில் ஹுவான். ஜெர்மனியில் யோஹன்னெஸ், யோஹான். அதன் கடைசிப் பகுதியை மட்டும் வைத்து ஹான்ஸ். நெதர்லாந்து, போலந்து, செக் நாடுகளில் யான். டென்மார்க்கில் யென்ஸ். ஹங்கேரியில் யானோஷ். பின்லாந்தில் யுஹானி, யுஹா, யுஸ்ஸி, ஹன்னு என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது.

அயர்லாந்தில் பெயர் இரண்டு முறை வந்து இறங்கியது. முதலில் துறவிகளோடு லத்தீனிலிருந்து. அது 'ஓவன்' என்று ஒலிக்கும் வடிவம். பிறகு நார்மன் பிரெஞ்சுக்காரர்களோடு, அது ஷான். ஐரிஷ் மொழியில் விவிலிய யோவானுக்கு முதல் வடிவம், பக்கத்து வீட்டு ஜானுக்கு இரண்டாவது. ஷேன் என்ற பெயர் ஷானின் ஆங்கிலத் திரிபு. ஸ்காட்லாந்தின் இயன், வேல்ஸின் இவன், எவன் எல்லாம் இதே கிளை.

சீனாவில் சீர்திருத்தச் சபையினர் யுவேஹான் என்றும் கத்தோலிக்கர் ருவோவாங் என்றும் எழுதுகிறார்கள். சபைக்கொரு வடிவம் என்பது நமக்கு மட்டும் உரியது அன்று. கொரியாவில் யோஹான். நியூசிலாந்தின் மவோரி மக்களிடம் ஹோனே, ஹவாயில் கியோனி.

ஜாக் எப்படி ஜானின் செல்லப்பெயர் ஆகும்? அது ழாக்கிலிருந்து வந்ததில்லையா?

இல்லை. பிரெஞ்சு ழாக் என்பது யாக்கோபு. ஆங்கில ஜாக் வந்த வழி வேறு: ஜானோடு 'கின்' என்ற குறுமை விகுதி சேர்ந்து ஜான்கின், அது தேய்ந்து ஜாக்கின், பிறகு ஜாக். அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியை வீட்டாரும் நண்பர்களும் ஜாக் என்று அழைத்தது இந்த வழக்கப்படிதான். ஜென்கின்ஸ் என்ற குடும்பப்பெயரும் அதே விகுதியில் பிறந்தது.

பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லலாமா?

எழுத்தை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது. படிவம் நிரப்பும்போதும், கடிதத்தில் 'திரு', 'திருமதி' போடும்போதும் இங்கேதான் தவறு நடக்கிறது.

ஆங்கிலத்தில் 'ஜீன்' என்று படிக்கும் எழுத்துக்கோவை பெண்ணுக்கு. அதையே பிரெஞ்சில் ழான் என்று படித்தால் ஆண். ஆங்கிலத்தில் 'ஜோன்' பெண்; அதே எழுத்துகள் கட்டலானில் 'ஜுவான்' என்ற ஆண்பெயர். ஓவியர் ஜுவான் மிரோ ஆண். ஆங்கிலத்தில் 'ஜான்' என்று மூன்றெழுத்தில் வருவது பெரும்பாலும் ஜேனட் என்பதன் சுருக்கம், பெண். நெதர்லாந்தில் அதுவே யான், ஆண். ஹன்னா எபிரேயத்தில் பெண், லெபனானிலும் சிரியாவிலும் ஆண். ஆளின் நாட்டைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். தெரியாவிட்டால் அடைமொழி போடாமல் முழுப் பெயரை எழுதுவது மேல்.

யோவானின் உண்மையான பெண்பால் வடிவங்கள்: லூக்கா நற்செய்தியின் யோவன்னா, பிறகு யோஹன்னா, ஹுவானா, இவானா, ஜேன், ஜோன், ழான். பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கின் பெயரும் இதுவே.

ஒலியில் நெருங்கி, உறவில்லாத பெயர்கள் எவை?

யோனா என்றால் எபிரேயத்தில் புறா, உறவில்லை. ஓவன் என்று வேல்ஸில் வழங்கும் பெயர் பெரும்பாலும் வேறு மூலம். ஜனவரிக்குப் பெயர் தந்த ரோமத் தெய்வம் ஜானஸுக்கும் தொடர்பில்லை. பாரசீகத்திலும் உருதுவிலும் 'ஜான்' என்றால் உயிர், 'ஜஹான்' என்றால் உலகம்; நூர்ஜஹான், ஷாஜஹான் அந்த வழி. யுவன் சமஸ்கிருதத்தில் இளைஞன்.

ஜான்சன், ஜோன்ஸ், இவானோவ் எல்லாம்?

ஜானின் மகன் என்பதே பொருள். ஜான்சன், ஹேன்சன், டென்மார்க்கின் யென்சன், ஹான்சென், நெதர்லாந்தின் யான்சென், வேல்ஸின் ஜோன்ஸ், எவன்ஸ், ரஷ்ய இவானோவ், செர்பிய யோவனோவிச், ஆர்மீனிய ஹோவ்ஹான்னிஸ்யான், ஸ்பானிய இபான்யெஸ். பல நாடுகளில் மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயர்களில் இவை இருப்பதற்குக் காரணம், அந்தப் பெயர்கள் நிலைபெற்ற காலத்தில் ஊருக்குப் பல ஜான்கள் இருந்ததுதான். அமெரிக்க அரசின் பெயர்ப் புள்ளிவிவரம் தொடங்கும் 1880 முதல் 1923 வரை ஆண் குழந்தைகளுக்கு அங்கே முதலிடம் ஜானுக்கே.

தமிழ்நாட்டில் ஜான்சன் முதற்பெயராகவே வைக்கப்படுகிறது. தகப்பன் பெயர் ஜான் இல்லாவிட்டாலும் அதில் பிழை ஒன்றும் இல்லை. இங்கே அது தனிப் பெயராகிவிட்டது.

இருபத்து மூன்று போப்புகளுக்கு இந்தப் பெயர் இருந்ததா?

எண் 23 வரை போகிறது. உண்மையில் 21 பேர்தான். இடைக்காலத்தில் பட்டியல் எழுதியவர்கள் எண்ணுவதில் குழம்பியதால் இருபதாம் ஜான் என்று யாருமே இல்லை. பதினாறாம் ஜான் எதிர்ப்போப்பாக, அதாவது முறையான போப்பாக ஏற்கப்படாதவராக, கருதப்படுகிறவர். 1415-இல் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் பதவியிறக்கிய ஒருவரும் தம்மை இருபத்து மூன்றாம் ஜான் என்று அழைத்துக்கொண்டவர். அதனால் ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேலாக யாரும் அந்தப் பெயரை எடுக்கவில்லை. 1958-இல் போப்பான ரொன்கால்லி துணிந்து அதே எண்ணோடு எடுத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டியவர் அவர்தான்.

ஜூன் 24-க்கும் இந்தப் பெயருக்கும் என்ன தொடர்பு?

திருமுழுக்கு யோவானின் பிறந்த நாள் அது. மரியாளுக்குச் செய்தி வந்தபோது எலிசபெத்துக்கு ஆறாம் மாதம் என்று லூக்கா சொல்வதால், கிறிஸ்துமஸுக்கு ஆறு மாதம் முன்னால் இந்த நாளை வைத்தார்கள். வட ஐரோப்பாவில் அது ஆண்டின் மிக நீண்ட பகல் வரும் சமயம். பழைய கோடைத் தீ மூட்டும் வழக்கமும் புனிதரின் நாளும் ஒன்றாகக் கலந்தன. பின்லாந்தில் அந்த விழாவின் பெயரே யுஹன்னுஸ். 1955 முதல் ஜூன் 20-க்கும் 26-க்கும் இடைப்பட்ட சனிக்கிழமையில் கொண்டாடுகிறார்கள். லாட்வியாவில் யானி. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் 23-ஆம் தேதி இரவு, தெருவில் போகிறவர்களின் தலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டி வாழ்த்துவார்கள்.

பெயர்நாள் கொண்டாடுவோர் இன்னும் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளலாம். நற்செய்தியாளர் யோவானுக்கு மேற்கத்திய மரபில் டிசம்பர் 27. கிரேக்கர், பல்கேரியர், ருமேனியர் திருமுழுக்கு யோவானுக்காக ஜனவரி 7-ஐக் கொண்டாடுகிறார்கள்.

மேற்கத்திய இசை கற்பவர்களுக்கு ஒரு செய்தி: உத், ரே, மி, ஃபா, சோல், லா என்ற சுரப் பெயர்கள் யோவான் விழாவின் லத்தீன் பாடல் வரிகளின் முதல் அசைகள். 11-ஆம் நூற்றாண்டில் அரெட்சோ நகரத்துக் குயிடோ எடுத்து அமைத்தவை. 'உத்' பிறகு 'தோ' ஆனது. ஏழாம் சுரமான 'சி', அந்தப் பாடலின் கடைசியில் வரும் "புனித யோவானே" என்ற விளியின் லத்தீன் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பின்னர் உண்டாக்கியது.

குழந்தைக்கு வைக்க எந்த வடிவம் நல்லது?

எங்கள் கருத்து: ஆங்கிலப் பள்ளியும் வெளிநாடும் மனத்தில் இருந்தால் ஜான், எங்கும் சரியாக எழுதுவார்கள். மூல ஒலிக்கு நெருக்கம் வேண்டுமென்றால் யோவான். பொருள் தமிழிலேயே கேட்க வேண்டுமென்றால் அருளப்பன், கருணையன், அருள். இவற்றில் கருணையன் இன்று மிகக் குறைவாகவே வைக்கப்படுகிறது. காப்பியத்தில் இடம்பெற்ற, பொருள் தெளிவான, சொல்ல எளிய பெயர். மீண்டும் வழக்குக்கு வரத் தகுந்தது.

இரண்டு வடிவங்களைச் சேர்ப்பதும் பழைய வழக்கம். 19-ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பனின் பெயரில் ஒரே பெயர் ஆங்கிலத்திலும் தமிழிலும் இரண்டு முறை வருகிறது. ஆனால் முதற்பெயர், நடுப்பெயர் என்று பிரிக்கும் படிவங்களில் இத்தகைய இணைப்பெயர் துண்டாகும். பள்ளிச் சான்றிதழில் ஒரு துண்டு, பாஸ்போர்ட்டில் இரண்டு துண்டு என்று வந்தால் பின்னர் உறுதிமொழிப் பத்திரம் வரை போக வேண்டியிருக்கும். எந்தத் துண்டு முதற்பெயர் என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்து, எல்லா இடத்திலும் அப்படியே எழுதுங்கள்.

பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை?

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயர் முடிவாகாவிட்டால் பெயரில்லாமலே பதியலாம். பதிவிலிருந்து 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணமில்லை; அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். சேர்த்த பெயரை மாற்றுவது எளிதல்ல. எனவே அவசரப்பட்டு ஒன்றை எழுதிக் கொடுப்பதைவிட, அந்த 12 மாதத்தைப் பயன்படுத்திக்கொள்வது நல்லது.

ஆங்கில எழுத்தில் ஜானுக்கு 'எச்' உண்டா இல்லையா என்பதை எழுதிக் காட்டுங்கள், வாயால் சொல்லாதீர்கள். தமிழில் ஜான், ஜோன், யோவான் எது என்பதையும் அப்படியே. ஞானஸ்நானப் பதிவேட்டில் அருளப்பன், பிறப்புச் சான்றில் ஜான் என்று இரண்டு பெயர் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் திருமண ஓலை வாசிக்கும் நாளில் பங்கு அலுவலகமும் பதிவாளர் அலுவலகமும் வெவ்வேறு பெயரைக் கேட்கும். ஞானஸ்நானச் சான்றில் இரண்டு பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லி அப்போதே வாங்கிவைத்தால் போதும்.